பாலக்காட்டுக் குடும்ப ஆலோசகரிடம் எட்டு அமர்வுகள்

என் வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் இரண்டு பேர்: என் கணவரும் என் மகனும். நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தது நான். அங்கிருந்து தொடங்கினால்தான் இந்த ஆலோசகரைப் பற்றி நான் சொல்லப் போவது புரியும்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் வாய்க்கால் கரையிலும் தமிழ். நான் உடுமலைப் பக்கத்துப் பெண், 34 வருடங்களுக்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்டு இங்கே வந்தவள். திண்ணையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு மேலே ஏறிக் கீழே இறங்கவில்லை. உள்ளங்கை வேர்த்துத் துணி நனைந்தது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். மூன்றாம் முறை அதே படபடப்போடு போனபோது மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதயத்தில் குறை இல்லையம்மா. வீட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். பாலக்காட்டில் குடும்ப ஆலோசனை தரும் ஒரு மருத்துவ உளவியலாளரின் பெயரை அவர்தான் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் நடந்தது இதுதான். எங்கள் தோப்பு மூன்று ஏக்கர், என் மாமியாரின் தாய்வீட்டு வழியில் வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ எங்கள் மரங்களுக்கும் வந்தது. ஓலையெல்லாம் கறுப்புப் பூசணம் படிந்து காய்ப்புக் குறைந்தது. கூட்டுறவுக் கடன் அப்படியே நின்றது. இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் குடலிறக்க அறுவைக்காகக் கோவையில் பத்து நாள் படுத்திருந்த சமயத்தில், மகன் முப்பது மரங்களைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டுவிட்டான். எங்கள் சித்தூர் தாலுகாவில் இது புதிது இல்லை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் காலையில் கள் ஏற்றிப் போகும் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மரத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் வரும். மகன் கணக்குப் பார்த்தான். அவன் கணக்கில் பிழையும் இல்லை. அவர் வீடு திரும்பி, தோப்புக்கு நடந்து போய், மரத்தில் எழுதியிருந்த எண்ணையும் பாளையில் தொங்கிய கலயத்தையும் பார்த்தார். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றோடு மகனிடம் பேச்சு நின்றது. மகனும் வீம்பாக இருந்துவிட்டான். அவன் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் அவனிடம் போய்ச் சொல்வேன். அவன் பதிலை நான் கொண்டுவருவேன்.

பாலக்காடு போவதற்கு முன்னால், பக்கத்து ஊரில் ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடமும் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கேட்டார். "பெண்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார். 34 வருடங்களாக அவருக்குப் பிடித்ததைத்தான் சமைக்கிறேன். அன்று வீடு திரும்பும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு சூடாகிறது. யாரும் இப்படி ஒரு பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பாலக்காட்டு ஆலோசகர் தன் பதிவு எண்ணைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். எங்கே போனாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். இவர் மருந்து எழுதுவதில்லை. மருந்து தேவைப்படுகிறவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்.

இடம் பாலக்காட்டுக் கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது. அறையில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு நீள இருக்கை, மேஜையில் மண் கூஜாவில் தண்ணீர். ஆலோசகர் பெண்மணி, நாற்பது வயது இருக்கும். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். கடைசி வரை அக்கா என்றே கூப்பிட்டார்.

அவரிடம் தமிழில் பேச முடிந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மலையாளம் எனக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அதில்தான் பேசுகிறேன். ஆனால் கல்யாணமாகி வந்த முதல் வருடம், அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்த என்னிடம் பக்கத்து வீட்டுச் சேச்சி ஆதரவாக "விஷமிக்கண்டா" என்று சொன்னார். விஷமம் செய்யாதே என்று திட்டுகிறார் என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதேன். அங்கே விஷமம் என்றால் துயரம். எங்கள் பக்கம் தர்மசங்கடமாக இருப்பதைச் சங்கடம் என்போம். அவர்களுக்கு அது துக்கம். வெளிவேலைக்கு எந்த மொழியும் போதும். "வயிறு எரிகிறது", "மனசு ஆறவில்லை", "அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது" என்பதை நான் பிறந்த மொழியில்தான் சொல்ல முடியும். இந்த ஆலோசகர் அந்தச் சொற்களை நான் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "மன அழுத்தம்" என்று ஒரே சொல்லாக மாற்றிவிடவில்லை.

முதல் அமர்வில் என்னைத் தனியாக வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்டார். வீட்டில் யாராவது கை ஓங்குவார்களா என்பது ஒன்று. ஆம் என்றால் வழி முற்றிலும் வேறு, அப்போது முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பை, அடிக்கிறவரையும் அடிவாங்குகிறவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச மாட்டேன் என்றார். எங்கள் வீட்டில் அது இல்லை. சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்பது இரண்டாவது. என் வாழ்க்கையில் இப்படி நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு நாள் தோன்றியது என்று சொன்னேன். அவர் பதறவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எப்போது, எவ்வளவு நேரம் என்று நிதானமாகக் கேட்டார். மறுபடி அப்படித் தோன்றினால் யாரிடம் முதலில் சொல்வேன் என்று என்னையே எழுத வைத்தார். மருமகள் பெயரை எழுதினேன். அதன் கீழே 14416 என்று அவர் எழுதினார். அது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது; இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறார்கள். அந்தத் தாள் இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

இரண்டாம் அமர்வில் குடும்ப வரைபடம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்கு மேலே பெருக்கல் குறி, சண்டைக்கு முறுக்குக் கோடு. மூன்று தலைமுறை. என் கணவருக்கும் மகனுக்கும் நடுவே முறுக்குக் கோட்டை இழுத்துவிட்டு, இருவரிடமிருந்தும் என்னிடம் வரும் கோடுகளையும் போட்டபோது ஒரு முக்கோணம் வந்தது. 1950களில் நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே ஆஸ்பத்திரியில் தங்க வைத்து ஆராய்ந்த மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இந்த முக்கோணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறாராம். இரண்டு பேருக்கு நடுவே உள்ள வேக்காடு தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். அந்த இருவருக்கும் கொஞ்சம் ஆறும், வேக்காடு மூன்றாவது ஆளிடம் போய் உட்காரும். நான் அந்தத் தாளில் என் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப்பாடமாக ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். யார் சொன்ன செய்தியை யாரிடம் கொண்டுபோனேன், என்ன சொல்லச் சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்று மூன்று பத்தி. முதல் நாளே பதினொன்று. எண்ணிக்கையைவிட இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும்தான் என்னைக் கலங்கடித்தன. அவர் சொன்னது: "அவன் ராத்திரி ஷிப்ட் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன." நான் சொன்னது: "அப்பா உன் உடம்பை நினைத்துக் கவலைப்படுகிறார்." மகன் சொன்னது: "மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தின்னட்டும்." நான் சொன்னது: "நேரத்துக்கு மருந்து போடச் சொன்னான், பாவம்." இரண்டு வருடங்களாக நான் அவர்கள் சொற்களைச் சர்க்கரை போட்டுத் திரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்பாவின் கோபம் எவ்வளவு என்று மகனுக்குத் தெரியாது. மகன் தானாகவே கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்தான் என்பதும் நான் சொல்லித்தான் செய்திருப்பான் என்று அவருக்கு ஆகிவிட்டது. இருவரும் என் சொற்களோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

மூன்றாம் அமர்வில் எனக்குக் கிடைத்த அறிவுரை ஒரே வாக்கியம். யார் எதைச் சொல்லச் சொன்னாலும், "இதை நீங்களே அவனிடம் சொல்லுங்கள்", "இதை நீயே அப்பாவிடம் சொல்". கோபமாகச் சொல்லக் கூடாது, விளக்கம் தரக் கூடாது, அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து போகவும் கூடாது. படபடப்பு வந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். "முதல் சில வாரம் வீடு இன்னும் மோசமாகும் அக்கா, தயாராக இருங்கள்" என்றும் சொன்னார்.

மோசமானது. அவர் என்னிடமும் பேசுவதைக் குறைத்தார். மகன், "நீயும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாயா?" என்றான். ஒருநாள் சோற்றில் கை வைக்காமல் அவர் எழுந்து போனார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு ஆறு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அறிவுரையை விட்டுவிடலாம் என்று பல தடவை தோன்றியது.

மூன்றாவது வாரம் தோப்பு மோட்டாரின் ஸ்டார்ட்டர் எரிந்துபோனது. நான் தூது போக மாட்டேன் என்பது தெரிந்திருந்ததால், மகன் தன் மகளைக் கூப்பிட்டான். ஆறு வயதுக் குழந்தை. தாத்தாவை அவள் அப்பாரு என்பாள். "அப்பாரிடம் போய், ஸ்டார்ட்டர் எரிந்துவிட்டது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா என்று கேள், கண்ணு." அவள் ஓடினாள். அவர், "உன் அப்பனிடம் சொல், கள்ளுக்காசில் புதுசு வாங்கிக்கொள்ளட்டும்" என்றார். குழந்தை உள்ளே வந்தாள். அப்பாவிடம் போகவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று என்னைக் கேட்டாள்: "அப்பத்தா, இதை எப்படிச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வராது?"

அன்று மாலையே ஆலோசகருக்குப் போன் செய்தேன். நான் இறக்கி வைத்த பாரம் குழந்தையின் தலையில் ஏறிவிட்டது, நான் மறுபடி சுமக்கிறேன் என்று சொன்னேன். அவர் மறுநாளே நேரம் கொடுத்தார். அந்த நான்காம் அமர்வில் அவர் சொன்னதைக் குடும்பத்தில் உள்ள எல்லோரும் கேட்க வேண்டும். பெரியவர்களின் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் குழந்தைகள் அவர்களின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்களாக ஆகிவிடுவார்கள், பார்க்கிறவர்கள் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுவார்கள். ஆனால் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிற்றுவலி என்பார்கள், நகம் கடிப்பார்கள், தூக்கத்தில் எழுவார்கள். எங்கள் பேத்தி இரண்டு மாதமாகக் காலையில் வயிற்றுவலி என்றுகொண்டிருந்தாள். பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். "நீங்கள் திரும்பச் சுமக்க வேண்டாம். அவளைப் பற்றி உங்கள் கணவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ஒரு சொல்லையும் இனிப்பாக்க வேண்டாம்" என்றார்.

சொன்னேன். அதற்கு முன்பு "எனக்கென்ன பைத்தியமா?" என்று வர மறுத்தவர், குழந்தை கேட்ட கேள்வியை அப்படியே சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த அமர்வுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாகப் பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

ஐந்தாம் அமர்வு. வரைபடத்தில் அவருடைய பெற்றோர் பக்கம் காலியாக இருந்தது. ஆலோசகர் கள்ளைப் பற்றியோ மகனைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "உங்கள் சின்ன வயதில் அம்மா அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்லி அனுப்புவார்?" என்று கேட்டார். அவர் வெகுநேரம் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். 1970இல் அவருக்கு ஒன்பது வயது. வீடு எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அங்கே 1971 வரை மதுவிலக்கு. அவர் அப்பா எல்லை தாண்டி இந்தப் பக்கத்துக் கள்ளுக்கடைக்கு நடந்து வருவாராம். "வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லிக் கூட்டிவா" என்று அம்மா இவரை அனுப்புவார். கடையில் எல்லோர் முன்னாலும் அப்பா சொல்லும் பதிலை ஒன்பது வயதுப் பையன் அம்மாவிடம் சொல்ல முடியுமா? வருகிற வழியெல்லாம் யோசித்து, "அப்பா இதோ வந்துவிடுகிறேன் என்றார்" என்று மாற்றிச் சொல்வாராம். 34 வருடங்களில் என்னிடம் இதை அவர் சொன்னதில்லை. அவர் அப்பா குடித்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆலோசகர் இதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த நிதானத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

ஆறாம் அமர்வு மகனுக்குத் தனியாக. என்ன பேசினான் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பணம் கொடுத்தது நான், பெற்றவளும் நான் என்று கோபப்பட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை அவனுடைய உரிமையாகத் தந்திருக்கிறது என்றும், உயிருக்கு ஆபத்து போன்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு என்றும் பொறுமையாகச் சொன்னார். என் ரகசியமும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது என்பது பஸ்ஸில் வரும்போது உறைத்தது.

ஏழாவதில் அப்பாவும் மகனும் மட்டும் உள்ளே போனார்கள். நான் வெளியே. இங்கே இந்த இடத்தின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும்: அறைக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. குரல் உயர்ந்தால் சொல் தெளிவாகக் கேட்கிறது. ரகசியத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர் இதைச் சரிசெய்யாமல் இருக்கக் கூடாது, அவரிடமே சொல்லியிருக்கிறேன். அன்று மகனின் குரல் உயர்ந்ததும் எழுந்துவிட்டேன். கேட்டால் மறுபடி திரிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். கோட்டைக்குப் போய் அகழி ஓரத்தில் உட்கார்ந்தேன். 1766இல் ஹைதர் அலி கட்டிய கல் மதில், ஆனி மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது இருவரும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கடன் கணக்கை என்னிடம் ஏன் காட்டவில்லை?" என்று அவர் கத்தினார். "காட்டினால் பார்த்திருப்பீர்களா?" என்று இவன் கத்தினான். என் காதுக்கு அது திருவிழா மேளம் மாதிரி இருந்தது. மூட்டுவலிக்காரரான அவர் தடுமாறாமல் இருக்க, கத்திக்கொண்டே அவர் கையை இவன் பிடித்திருந்தான். அந்தப் படிகள் செங்குத்தானவை, கைப்பிடி ஒரு பக்கம்தான். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மற்ற குறைகளையும் சொல்கிறேன். ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. பாலக்காட்டின் கிழக்குப் பக்கமெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும்போது தமிழிலும் ஒன்று வேண்டாமா? ஒருமுறை பஸ் எலப்புள்ளி தாண்டிய பிறகு "இன்று முடியாது" என்று செய்தி வந்தது. அரை நாள் கூலி போனது. கட்டணம் ஐம்பது நிமிடத்துக்கு 800 ரூபாய், இருவர் சேர்ந்து வந்தால் 1,200. நான் லைனிங் வைத்து நான்கு ரவிக்கை தைக்க வேண்டும். கொடுத்தது தகும் என்றே நினைக்கிறேன், ஆனால் எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் அந்த 14416 எண்ணில் தொடங்கலாம். வீட்டில் அடி உதை இருக்கிற பெண்கள் 181ஐக் கூப்பிடலாம். கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் அதே எண்தான்.

இரண்டு அமர்வில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இவர் ஒத்துவர மாட்டார். முதல் இரண்டு முறையும் "கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, தீர்வு ஒன்றும் சொல்லவில்லையே" என்று எனக்கே சலிப்பாக இருந்தது.

எட்டாம் அமர்வுக்கு மருமகளும் வந்தாள். இனி பேத்தி வழியாக யாரும் எதையும் சொல்லி அனுப்புவதில்லை என்று நான்கு பேரும் ஒப்புக்கொண்டோம். குத்தகை பங்குனி வரைக்கும் இருக்கிறது. அதன் பிறகு கடன் தீரும்வரை பன்னிரண்டு மரம் மட்டும் என்று அவர்களே பேசி முடித்திருக்கிறார்கள். அவர் இன்னும் அந்த வரிசைப் பக்கம் நடப்பதில்லை. இருவரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அது மறுபடி சர்க்கரை போடுவதாகும். தண்ணீர், மோட்டார், காய் கணக்கு, மருந்து, இவ்வளவுதான் பேச்சு. எனக்குப் படபடப்பு நான்கு மாதத்தில் இரண்டு முறை வந்தது. எண்ணி முடிப்பதற்குள் அடங்கியது. பேத்திக்குக் காலை வயிற்றுவலி இல்லை.

அடுத்த வியாழக்கிழமைக்கு அங்கே ஒரு நேரம் பதிவாகியிருக்கிறது. என் பெயரில் இல்லை. எண்ணைக் கேட்டு வாங்கி, திண்ணைக்குப் போய், அவரே போன் செய்து தன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டார்.